டாஷிங் கார் பரணி

வலக்காலே, நீ வாழ்க. ஐந்து விரலும் ஒரு குதிகாலும் பூண்டாய். ஒன்பதாம் எண் செருப்புக்குள் ஒடுங்கிக் கிடப்பாய். ஆக்ஸிலேட்டர் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் முழங்கால் வரை வியர்க்கும் மென்மை உடையாய். உன்னைப் பாடவே வாய் திறந்தோம். தேரேறிப் பொருத வேந்தரைப் பாடியோர் பலர். களிற்றின் மேலிருந்து வேல் எறிந்தோரைப் பாடியோர் அதனினும் பலர். மருந்துக் கிடங்கில் மாத்திரைப் பெட்டிகளின் காலாவதித் தேதி பார்க்கும் ஸ்டோர்கீப்பர் ஒருவரின் வலக்காலைப் பாட இன்றுவரை ஒருவரும் முன்வராதது பாடுவோர்க்கு நேர்ந்த குறையே அன்றி அந்தக் காலுக்கு நேர்ந்த குறை அன்று. அக்குறையை நாம் தீர்த்து வைக்கிறோம். கேட்போர் செல்போனைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுக் கேட்பீராக.

அக்காலுக்கு உரியவர் தம்பியார். அகவை நாற்பத்தாறு. கதவைப் பூட்டிய பின் மூன்று முறை இழுத்துப் பார்க்கும் கையர். லிஃப்டில் ஏறுமுன் எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகையை முதலிலிருந்து முடிவு வரை வாசிக்கும் கண்ணர். பாயசத்தையே ஊதிக் குடிக்கும் வாயர். அச்சம் என்பது அவருக்கு ஒரு குணம் அன்று, குடும்பத்தில் மூத்த உறுப்பினர் போன்றது. அதைக் கேட்காமல் அவர் எந்தக் காரியமும் செய்ததில்லை.

இத்தகையவர்க்கு உடன்பிறந்தாராய் வாய்த்தவர் யார் என்று கேட்பீராயின் சொல்லுவோம். தமக்கையார், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் தனிப்பெருந்தலைவி. இருபத்திரண்டு ஆண்டுகள் பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தம் காலடியில் தமக்கென ஒரு தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, பல் மருத்துவர், பால்காரர், கல்யாணமான புதிதில் வந்த பெண்கள், கல்யாணமாகி நாற்பது வருஷம் கழித்து வந்த பெண்கள் என ஆயிரத்து நூற்று நாற்பது பேரைச் சாலைக்குத் தகுதியாக்கி லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த சக்கரப் பெருமாட்டி. அவரிடம் கற்றும் தேறாத ஒரே உயிர் அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்த தம்பியார்தாம். ஏழு முறை தேர்வுக்குப் போனார். ஏழு முறையும் வண்டியை நிறுத்திய இடத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தார்.

தோல்விக்குக் காரணம் காலன்று, கண். அரைத் தெரு தொலைவில் ஒரு பூனை தோன்றினால் போதும். காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை புரண்டால் போதும். அவர் கண் கண்டதைக் கால் அறிந்து பிரேக்கின் மேல் போய் விழும். ஐந்தாம் தேர்வில் சாலையோரம் நின்றிருந்த ஒரு லாரியைக் கண்டு தாமும் நின்றார். லாரி புறப்படட்டும் என்று காத்திருந்தார். லாரி டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். தேர்வதிகாரி குறட்டை விட்டு எழுந்து பார்த்தபோது இரண்டு வண்டிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மூன்றாண்டுக்கு முன் தமக்கையாரின் முதுகுத்தண்டில் ஏதோ ஒரு நரம்பு கோபித்துக்கொண்டது. ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தார், கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டன. பள்ளியை உதவியாளர் ஒருவர் எடுத்து நடத்தினார். தமக்கையார் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். அழவில்லை, புலம்பவில்லை, யாரையும் நொந்துகொள்ளவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போகும்போதெல்லாம் பின்னிருக்கையில் அவர் கைகள் மடிமேல் வட்டமாய்க் குவிந்திருக்கும். வளைவு வந்தால் அவை தாமாகத் திரும்பும். தம்பியார் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இவ்வாறிருக்க, மருந்துக் கிடங்கின் முதலாளி ஊழியர் குடும்பங்களைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் வருடாந்திர நாள் வந்தது. தம்பியார் புறப்பட்டார்; தண்ணீர் பாட்டில், துண்டு, மாத்திரை, மாற்றுடை, மாற்றுடைக்கு மாற்றுடை எல்லாம் அடங்கிய பையோடு அவர் மனைவி புறப்பட்டார்; சக்கர நாற்காலியில் கொலுவிருந்து தமக்கையார் புறப்பட்டார். நுழைவாயில் கடந்து, பலூன்காரரைக் கடந்து, ஆளுயரக் கரடி வேஷத்துக்குள்ளிருந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரையும் கடந்து அந்தச் சிறுபடை முன்னேறிற்று. நாற்காலியைத் தள்ளியவர் தம்பியார். தள்ளக் கற்பித்தவர் வேறு யார்?

"வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் குறைக்கணும். வளைவுக்குள்ள வந்து குறைக்கக் கூடாது. எத்தன தடவ சொல்றது?"

"அக்கா, இது நாற்காலி."

"நாலு சக்கரம் இருக்குல்ல. அப்ப வண்டிதான்."

ராட்சத ராட்டினம் வானளாவ நின்று அழைத்தது. தமக்கையார் ஏறிட்டும் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சறுக்கு ஆர்ப்பரித்தது. தம்பியாரின் மனைவி மட்டும் ஒரு பெருமூச்சு விட்டார். ரயில் வந்தது, படகு வந்தது, பேய் வீடு வந்து போயிற்று. அதன்பின் தகரக் கூரையும் பளபளக்கும் இரும்புத் தளமும், தலைக்கு மேல் கம்பி வலையும், வலையைத் தொட்டுத் தீப்பொறி சிந்தும் நெடுங்கொம்புகளும், ரப்பர் வளையம் பூண்டு ஒன்றையொன்று முட்டிச் சிதறும் பன்னிரண்டு சிறுதேர்களும் கொண்டதொரு போர்க்களம் எதிர்ப்பட்டது. டாஷிங் கார். ஒவ்வொரு தேரிலும் ஒரு ஸ்டியரிங் இருந்தது. தமக்கையாரின் கைகள் மடிமேல் வட்டமாய்க் குவிந்தன.

"இதுல நான் ஓட்டணும்" என்று திருவாய் மலர்ந்தருளினார்.

மூன்றாண்டில் அவர் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. அதனால் தம்பியார் நாற்காலியை வரிசைப் பக்கம் திருப்பினார்.

வரிசையின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லுவோம். போகும், திரும்பும், மறுபடி போகும், மறுபடி திரும்பும் இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கு நடுவே, ஒல்லியானவர்களையே மனதில் வைத்துப் பூங்காக்காரர் அமைத்த அந்தப் பாம்புப் பாதையில், ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், மறுபடி முன்னே கொஞ்சம் என்று நாற்காலியை ஒடித்துத் திருப்பி, தமக்கையாரின் கட்டளைகளைத் தலைமேல் தாங்கி, பின்னால் நின்றவர்களின் கால்கள் பலவற்றையும் மிதித்து, மூச்சு வாங்க வாங்க ஆறு திருப்பங்களைத் தம்பியார் வென்றார். ஏழாவதில் ஒரு செருப்பு கம்பிக்கடியில் மாட்டிக்கொண்டது. அதையும் மீட்டார்.

வாயிலில் நின்றவர் மஞ்சள் தொப்பிக்காரர். களத்துக்கு மின்சாரம் கொடுப்பவரும் அவரே, நிறுத்துபவரும் அவரே. நாற்காலியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மேடம், பெடல் மிதிக்க முடியாதவங்கள ஏத்தக் கூடாது. ரூல்ஸ்."

"அந்தப் போர்டப் படிப்பா."

அவர் திரும்பிப் பலகையைப் படித்தார். வண்டியில் இருப்பவர்களில் ஒருவருக்காவது பெடல் எட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

"ஒருத்தருக்கு எட்டினா போதும்னு போட்டிருக்கு. இவனுக்கு எட்டும். ஸ்டியரிங்க யார் பிடிக்கணும்னு போடல. இருபத்திரெண்டு வருஷம் ஒரே வண்டிய ரெண்டு பேரா ஓட்டித்தான் நான் சோறு தின்னேன்."

மஞ்சள் தொப்பிக்காரர் பலகையை இன்னொரு தரம் படித்தார். ஆறு வருடமாக அதன் கீழே நின்றும் அன்றுதான் முழுசாகப் படித்தார் போலும்.

"சரி மேடம். ஆனா இது கரன்ட் தளம், வீல்சேர் உள்ள வரக் கூடாது. மூணு நிமிஷம். மணி அடிச்சா வண்டி நின்ன எடத்துலதான் நிக்கும். நடுவுல நின்னுட்டீங்கன்னா நாங்க ரெண்டு பேர் உங்கள தூக்கிட்டுத்தான் வரணும்."

தூக்கிட்டு என்ற சொல் விழுந்ததும் தமக்கையாரின் முகம் மாறியது. ஏனென்று தம்பியார் அறிவார். இரண்டு வருடம் முன்பு, பள்ளியின் உரிமத்தை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனபோது அங்கே லிஃப்ட் ஓடவில்லை. அவரிடமே கற்ற நான்கு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி இரண்டு மாடி ஏற்றினார்கள். அன்போடுதான் தூக்கினார்கள். முன்பெல்லாம் அவரைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொன்ன அலுவலர்கள், தலைக்கு மேலே ஆடியபடி போகிறவருக்கு எப்படி வணக்கம் சொல்வதென்று தெரியாமல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அதன்பின் தமக்கையார் அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

"யாரும் என்னத் தூக்க வேணாம். மணி அடிக்கறதுக்குள்ள நாற்காலி பக்கத்துலயே கொண்டுவந்து நிறுத்துறேன்" என்று தமக்கையார் சூளுரைத்தார்.

விண்ணவர் பூமாரி பொழியவில்லை. பாப்கார்ன்காரர் ஒரு மணி அடித்தார், அது வேறு காரணத்துக்காக.

களத்தின் ஓரத்தில் தளத்துக்கு ஒரு சாண் உயரத்தில் ஒரு மேடை. அதன் விளிம்பில் நாற்காலி நிறுத்தப்பட்டது. தமக்கையார் தம் பையிலிருந்து வழுவழுப்பான ஒரு மரப்பலகையை எடுத்து, நாற்காலிக்கும் அருகில் நின்ற பச்சை வண்டிக்கும் நடுவே பாலமாய்ப் போட்டு, இரண்டு கையும் ஊன்றி, யார் உதவியும் இன்றி அங்குலம் அங்குலமாய் நகர்ந்து தேரேறினார். கால் இரண்டையும் கையால் எடுத்து உள்ளே வைத்தார். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடி இல்லாததைக் கண்டு முகம் சுளித்தார். தம்பியார் பக்கத்தில் அமர்ந்து, நடுவில் இருந்த அந்த ஒற்றைப் பெடலின் மேல், நாம் முதலில் வாழ்த்திய வலக்காலை வைத்தார்.

இங்கே ஒரு பிழை நிகழ்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்லுவோம். வீட்டுக் கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் தம்பியார், வாழ்நாளில் பிரேக் போடுவது ஒன்றையே பிழையின்றிக் கற்றிருந்த தம்பியார், நாற்காலிக்குப் பிரேக் போட மறந்தார். அதைக் காக்க நின்ற அவர் மனைவியோ செல்போனைக் கண்ணுக்கு நேரே தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கியிருந்தார்.

மணி ஒலித்தது. பன்னிரண்டு தேரும் உறுமின.

"மிதி" என்றார் தமக்கையார்.

தம்பியார் மிதித்தார். வண்டி மூன்றடி போயிற்று. எதிரே ஒரு மஞ்சள் வண்டி தோன்றியது, கண் கண்டது, கால் எடுபட்டது, வண்டி நின்றது. மஞ்சள் வண்டி முன்னால் முட்டியது. ஊதா வண்டி பின்னால் முட்டியது. தண்ணீர்ச் சறுக்கிலிருந்து ஈர அரைக்கால் சட்டையோடு நேரே வந்திருந்த சிவப்பு வண்டிக்காரர் ஒருவர், பக்கவாட்டில் ஒரு முறை முட்டிவிட்டு, திருப்தி போதாமல் வட்டமடித்து வந்து இன்னொரு முறை முட்டினார். மிதி என்றால் மிதிப்பதும், ஒரு நிழல் ஆடினால் எடுப்பதுமாய், நடுச்சந்தியில் மாட்டிக்கொண்ட எருமை போலப் பச்சைத்தேர் களத்தின் நட்டநடுவில் நின்று நாலா திசையிலும் இடி வாங்கிற்று. ஒரு நிமிடம் போயே போயிற்று. ஸ்டியரிங் தமக்கையாரின் கையில் சும்மா கிடந்தது. மேடையோரம் மஞ்சள் தொப்பிக்காரர், தூக்கப் போகிறவர் போலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

தம்பியார் அதைப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது.

"என்னால முடியல அக்கா. எல்லாம் மேல வர்ற மாதிரியே இருக்கு."

இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றைத் தமக்கையார் அப்போது சொன்னார். வேறெந்தப் பயிற்சியாளரும் சொல்லவும் கூடாதது அது.

"கண்ண மூடிக்க."

"என்னது?"

"கண்ண மூடுடா. பாக்கறது என் வேல. உனக்குக் கால் மட்டும்தான். நான் சொன்னா மிதி, சொன்னா விடு."

"மோதிட்டா?"

"மோதத்தான்டா இந்த வண்டியே."

தம்பியார் கண்ணை மூடினார். மூடிய மாத்திரத்தில் மஞ்சள் வண்டி இல்லை, சிவப்பு வண்டி இல்லை, பூனையும் பிளாஸ்டிக் பையும் இவ்வுலகிலேயே இல்லை. இருந்தது அக்காவின் குரல் ஒன்றே. மிதி என்றது. வலக்கால் மிதித்தது, நாற்பத்தாறு ஆண்டுகளில் முதல் முறையாக அடிவரைக்கும் மிதித்தது.

பாடுவீர், இனிப் பாடுவீர். பச்சைத்தேர் பாய்ந்ததைப் பாடுவீர். மஞ்சள் வண்டிக்கும் ஊதா வண்டிக்கும் நடுவே ஒரு சாண் சந்து கிடைக்க அதில் நுழைந்து அப்பால் போனதைப் பாடுவீர். முட்டுவதற்கென்றே பிறந்த அக்களத்தில், முட்டுவதற்கென்றே ரப்பர் பூண்ட அத்தேரில் அமர்ந்து, யாரையும் முட்டாமல், யாரிடமும் முட்டுப்படாமல், இடப்பக்கம் ஒதுங்கும் முன் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டி, குறுக்கே வந்த ஓர் இளம் தம்பதிக்கு வழிவிட்டு, சட்டம் தவறாமல் தமக்கையார் வலம் வந்ததைப் பாடுவீர். சிவப்பு வண்டிக்காரர் துரத்தினார். குறி வைத்து வந்தார். "விடு" என்றார் தமக்கையார்; தேர் தயங்கிற்று; சிவப்பு வண்டி மூக்குக்கு முன்னால் விலகிப் போய் மேடை விளிம்பில் படீரென்று மோதிற்று. தமக்கையார் சிரித்தார். அந்தச் சிரிப்புச் சத்தம் வந்த திசையில் தம்பியாரும் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

ஆனால் அந்தப் படீரில் மேடை அதிர்ந்தது. மழைநீர் வடிவதற்காகச் சற்றே சரித்துக் கட்டிய மேடை அது. பிரேக் போடாத நாற்காலி மெல்ல அசைந்தது, யோசித்தது, புறப்பட்டது. வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கனவான் போல ஓசையின்றி உருண்டு, மேடையின் மறுகோடிக்குப் போய், ஒரு குப்பைத் தொட்டியில் சாய்ந்து நின்றது. அதற்கு நேர் கீழே, களத்தின் ஓரத்தில், பன்னிரண்டின் கணக்கில் சேராமல் பழுதாகிச் செத்துக் கிடந்த ஒரு நீல வண்டியும் ஒரு தூணும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி நுழையும் இடம். அதற்கு மேல் நாலு விரல்.

அந்த நேரத்தில், ஆட்டம் முடியப்போவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்னும் அரை நிமிடம்.

தமக்கையார் நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே நாற்காலி இல்லை. களத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். தொட்டியோரம் கண்டார். வேறொருவராயின் கூவியிருப்பார். தமக்கையார் குரலில் ஒரு நூல்கூட நடுங்கவில்லை.

"மிதி. நல்லா மிதி. விடாத."

களத்தின் இக்கோடியிலிருந்து அக்கோடி வரை தேர் பறந்தது. நீல வண்டியைத் தாண்டியதும் "விடு" என்றார். ஸ்டியரிங்கை ஒரேயடியாய்ச் சுழற்றினார். முழுச்சுற்றுத் திருப்பினால் பின்னால் போகும் ஜாதி வண்டி அது என்பதை முதல் நிமிட அவமானத்தின் நடுவிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். "கொஞ்சமா மிதி. முட்டையை மிதிக்கிற மாதிரி." தேர் பின்வாங்கியது. பின்பக்கம் உள்ளே போயிற்று. "விடு. இப்ப இன்னும் கொஞ்சம்." முன்பக்கம் மடங்கி உள்ளே வந்தது. தூணுக்கு இரண்டு விரல், நீல வண்டிக்கு இரண்டு விரல், மேடை விளிம்புக்கு ஒரு சாண். லைசென்ஸ் தேர்வில் ஆயிரத்து நூற்று நாற்பது பேரும் வியர்த்து விறுவிறுத்துச் செய்த அதே காரியத்தை, தமக்கையார் தம் கையாலும் தம்பியாரின் காலாலும் செய்து முடித்தார்.

மணி அடித்தது. மின்சாரம் போயிற்று. பதினோரு தேரும் நின்ற இடத்தில் நிற்க, சிவப்பு வண்டிக்காரர் நடுக்களத்திலேயே இறங்கி ஈரச் செருப்பு சளக் சளக்கென்று ஒலிக்க நடந்து போக, பச்சைத்தேர் ஒன்றே நாற்காலியின் பக்கத்தில் நாற்காலியைவிட நேராக நின்றது. மஞ்சள் தொப்பிக்காரர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

தம்பியார் கண்ணைத் திறந்தார்.

"இது நாம ஏறின எடம் இல்லையே."

"நாற்காலி ஓடிப்போச்சு. பின்னாலயே வந்து பிடிச்சேன்" என்றார் தமக்கையார்.

தம்பியாரின் மனைவி அப்போதுதான் போனை இறக்கிவிட்டுத் திரும்பினார். பக்கத்தில் வெறும் மேடை இருந்தது. "அண்ணி, நாற்காலி எங்க?" என்று பதறி ஓடிவந்தார். தமக்கையார் இன்னும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிற்று, முகமோ பல் முளைத்த குழந்தை போல இருந்தது. தம்பியார் இம்முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

இவ்வாறு பகை பதினொன்றும் புறங்கண்டு, நாற்காலி துரத்தி நிலை நிறுத்தி, தூக்குவார் எவருமின்றித் தம் பலகை மேல் தாமே ஊர்ந்து தம் ஆசனம் ஏறி, விழிமூடிய வலக்கால் வீரர் பின்னின்று பிரேக்கை மூன்று முறை சோதித்துத் தள்ள, வெற்றித் திருமகளென வீற்றிருந்து களம் நீங்கிய தமக்கையார், வாயில் கடந்ததும் வலக்கை உயர்த்தித் தேரை நிறுத்தி, "இன்னொரு ரவுண்டு" எனும் திருவாக்கை அருளினார்.

மறுபடியும் போய் வரிசையின் கடைசியில் நின்றார்கள்; முன்னால் முப்பத்தொரு பேர் இருந்தார்கள்.